நங்கையும் நானும் ஒரு பிராந்திப் புட்டியும்

கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். அந்தச் சொல்லில் மரியாதை இருக்கிறது. நான் அதை வாயால் மட்டும்தான் கொடுத்தேன். மைசூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பதினாறு வருஷம் ஒரே சமையலறையில் அவளோடு புழங்கினேன். ஒரு நாள்கூட அவள் எனக்குப் பிடித்தவளாக இருந்ததில்லை. அவளுக்கும் நான் அப்படித்தான். அவள் செத்தபோது துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், "பெத்த தாய் மாதிரி இருந்தாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தலையாட்டி வைத்தேன். எழுதும்போது அப்படித் தலையாட்ட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

கணவரின் குடும்பம் கொள்ளேகால் பக்கம். நங்கையின் புருஷன் மைசூர் மண்டியில் வெல்ல வியாபாரம் செய்தவர். பிளேக் வந்த ஒரு வருஷம் அவர் போய்விட்டார். குழந்தை கிடையாது. தம்பிக்கு ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் நங்கை அவருக்குச் சமைத்துப் போட வந்து சேர்ந்தாள். நான் சேலத்திலிருந்து கல்யாணமாகி வருவதற்குள் அந்த வீடு முழுக்க அவளுடையதாகிவிட்டது. நான் இறக்கி வைத்த குழம்பை அவள் மறுபடியும் அடுப்பில் ஏற்றுவாள். நான் பெருக்கிய கூடத்தை மறுபடி பெருக்குவாள். நான் எட்டாவது வரை படித்தவள் என்பதை அவளால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. "பேப்பர் புடிக்கிற கையில அருவாமணை எங்க நிக்கும்" என்பாள். அவள் காதில் விழட்டும் என்று நான் பேப்பரை இன்னும் உரக்கப் படிப்பேன்.

இரண்டாவது பெண் வீட்டிலேயே பிறந்தாள். எனக்கு ரத்தம் நிற்காமல் போனது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டியது. கணவர் ஜட்கா வைத்துக்கொண்டு போய் லேடி டாக்டரை அழைத்து வந்தார். கன்னடக்கார அம்மாள், கண்டிப்பானவர். நாடியைப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார், ஒரு சீட்டில் பிராந்தி என்று எழுதினார். வெந்நீரில் ஒரு கரண்டி, சர்க்கரை போட்டு, காலையும் மாலையும். "ஹத்து தினா மாத்ர. ஆமேலே பேடா" என்று என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிச் சொன்னார். பத்து நாள் மட்டும், அப்புறம் கூடாது. கணவர் இங்கிலீஷ் மருந்துக் கடையிலிருந்து புட்டியைக் கன்னடப் பத்திரிகையில் சுற்றி, கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். எங்கள் ஜனங்களில் ஆண்கள் குடிப்பது உண்டு. ஆனால் என் கணவர் வெற்றிலைகூடப் போடாதவர். பெண்கள் குடிப்பது என்றால், அது பேச்சில்கூட வராது.

நங்கை அந்தப் புட்டியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வேளாவேளைக்கு ஒரு டம்ளரில் கலந்து கொண்டுவந்து, என் கையில் கொடுக்காமல் பாயின் ஓரத்தில் தரையில் வைப்பாள்.

"சாராயம் வந்திருக்குது. எந்திரிச்சுக் குடி."

"மருந்துங்க நங்கை."

"மருந்துதான். எங்கம்மா ஏழு பெத்தா. வேப்பெண்ணையும் சுக்குந்தான் அவளுக்கு மருந்து."

முதல் நாள் தொண்டை எரிந்தது. நாலாம் நாள் எரியவில்லை. ஆறாம் நாள் மாலை நான் டம்ளர் வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் கைகால்களில் ஒரு சூடு பரவும். குழந்தையின் அழுகை பக்கத்து வீட்டுக்குக் குடிபோன மாதிரி இருக்கும். நங்கை என்ன சொன்னாலும் அதில் முனை இருக்காது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

பத்து நாள் முடிந்தது. இடுப்பு வலிக்கிறது என்றேன். பொய்யில்லை, வலித்தது. ஆனால் வலிக்காமல் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். நான் நன்றாகத் தூங்குவதைப் பார்த்து சந்தோஷப்பட்ட கணவர் இன்னொரு புட்டி வாங்கி வந்தார். நங்கை கூடத்தில் நின்று, "டாக்டரம்மா பத்து நாள்னு சொன்னது என்ற காதுல மட்டும்தான் விழுந்துச்சா?" என்று கத்தினாள். மூன்றாவது புட்டி வந்தபோது அவள் கத்தவில்லை. பேசாமல் வாங்கி உள்ளே வைத்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மத்தியானம் நஞ்சன்கூடு வண்டியின் ஊதல் கேட்கும் நேரத்துக்கு எனக்கு நாக்கு வறளத் தொடங்கும். நங்கை குளிக்கப் போகும்போது சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். நான் அலமாரியைத் திறந்து, புட்டியிலிருந்து இரண்டு மடக்கு நேராகவே குடித்துவிட்டு, குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பேன். இப்படியே வாரங்கள் போயின. குழந்தை அதிகம் அழுவதில்லை, எப்போதும் தூக்கம். சமர்த்துக் குழந்தை என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். என் பால் வழியாக அவளுக்கு என்ன போகிறது என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. இப்போது இதை எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

ஒரு நாள் புட்டியில் இருந்தது வெறும் தண்ணீராகச் சப்பென்றிருந்தது. நான் ஊற்றிய தண்ணீர் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதற்கு இவ்வளவு வெளிறியிருக்கக் கூடாது. லேபிளின் ஓரத்தில், உள்ளே இருந்த மட்டத்துக்கு நேராக, கண்மையால் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டு நாள் நான் தொடவில்லை, வேளைக்கு வரும் டம்ளரையும் வேண்டாம் என்றுவிட்டேன். அந்த இரண்டு நாள் நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். கை நடுங்கியது, மூத்த பெண்ணைக் காரணமில்லாமல் அடித்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் மட்டம் புள்ளிக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. நங்கை இன்னும் தண்ணீர் ஊற்றி நிரப்பவில்லை.

எனக்கு அதிர்ச்சியெல்லாம் வரவில்லை. குதிக்கத் தோன்றியது. நெற்றியில் திருநீறு, வாயில் எப்போதும் தெய்வத்தின் பேர், என் கைப்பட்ட தண்ணீரைக்கூட முகர்ந்து பார்க்கிறவள்! மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். ஆனால் உடனே சொல்லவில்லை. நல்ல சமயம் வரட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

சமயம் வந்தது, ஆனால் எனக்குச் சாதகமாக வரவில்லை. நங்கை கீரை வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் நான் வழக்கத்தைவிட அதிகம் குடித்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே படுத்துத் தூங்கிப்போனேன். யாரோ என் தோளைப் பிடித்து மல்லாக்கத் தள்ளியதில்தான் கண் விழித்தேன். நங்கை குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் உதடு கருத்திருந்தது. என் உடம்பின் பாரம் அதன் முகத்தில் அழுந்தியிருக்கிறது. எத்தனை தட்டு தட்டினாள் என்று தெரியாது. கடைசியில் ஒரு சின்ன இருமல் வந்தது. பிறகு அழுகை.

குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு நங்கை என்னை அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள்.

"குடிச்சுப்போட்டுப் புள்ளையக் கொல்லப் பாத்தியே! பாவி! பாவி!"

சத்தம் கேட்டு அடுத்த குவார்ட்டர்ஸ் கன்னடக்கார அம்மாள் கையில் கொத்துமல்லிக் கட்டோடு வாசலில் வந்து நின்றாள். "ஏனாயித்ரீ?", என்ன ஆச்சு என்று கேட்டாள். நங்கை அவளைப் பார்த்து, "இவ குடிக்கிறா, இவ குடிகாரி" என்று கைநீட்டிக் கத்தினாள். என் குழந்தை பிழைத்துக்கொண்டதே என்று நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டிய நேரம் அது. நான் அதைச் செய்யவில்லை.

"நீ மட்டும் என்ன?" என்றேன். முதல்தடவையாக மரியாதை என் வாயிலிருந்து நழுவியது. "நீயும்தான் குடிக்கிறே. நான் புள்ளி வச்சுப் பாத்தேன். ஊது பாக்கலாம், அந்தம்மா மூஞ்சியில ஊது!"

நங்கை வாயை மூடிக்கொண்டாள். சும்மா மூடவில்லை, உதடுகளை இறுக்கி, முந்தானையால் பொத்திக்கொண்டாள். அடுத்த வீட்டு அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொத்துமல்லிக் கட்டோடு திரும்பிப் போய்விட்டாள்.

எட்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் சமைத்தாள், நான் துணி துவைத்தேன். குழந்தையை அவள் என் பக்கத்தில் படுக்கவிடவில்லை. பால் குடித்த உடனே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதை நான் எதிர்க்கவில்லை. கணவருக்கு இரண்டு பேரும் எதையும் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் அவர் ஆபீஸ் போனதும் நங்கை புட்டியைக் கொண்டுவந்து சமையலறை நடுவில் வைத்தாள்.

"தம்பிகிட்டச் சொல்லப் போறியா?"

"நீங்க சொன்னா நானும் சொல்லுவேன்."

"நீ சொகத்துக்குக் குடிச்சவ. என்ற கதை வேற." அவள் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள். "ஊருக்கு வெளியில கொட்டாய் போட்டு அவரைப் படுக்க வச்சிருந்தாங்க. கக்கத்துல கட்டி, ஒடம்பு கொதிக்குது. வாயில ஊத்தச் சொல்லி பிராந்தி குடுத்தாங்க. நாலு நாள் ஊத்துனேன். அஞ்சா நாள் போயிட்டாரு. புட்டியில பாதி மிச்சம். கொட்டாயில நான் ஒருத்தி. பக்கத்துல யாரும் வரமாட்டாங்க. என்ன பண்ணச் சொல்றே?"

இதைக் கேட்டு என் மனம் இளகியது என்று எழுத ஆசைதான். இளகவில்லை. "இப்ப எந்த பிளேக் வந்துதுன்னு குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அறை வாங்கியதற்குச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, கொட்டிரு" என்றாள்.

"நீங்களே கொட்டுங்க."

புட்டி இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. முற்றத்துச் சாக்கடை நாலே அடி தூரம். அவளும் குனியவில்லை, நானும் குனியவில்லை. அவ்வளவு நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதில், என்னைப் பற்றி எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. அவளுக்கும் தீர்ந்திருக்கும்.

நங்கைதான் வழி சொன்னாள். புட்டியைப் பூட்ட வேண்டாம், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிய இருக்கட்டும். தனியாக யாரும் தொடக் கூடாது. வேண்டுமென்றால் மற்றவளிடம் வந்து, எனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எதற்கு என்றும் சொல்ல வேண்டும். அவள்தான் அவுன்ஸ் கிளாஸில் அளந்து ஊற்றித் தருவாள். ஒன்றுக்கு மேல் கிடையாது. பால் கொடுக்கிறவரை எனக்கு அதுவும் கிடையாது. மீறினால் தம்பியிடம் போகும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் உலகத்தில் யாரிடம் தலைகுனிய மாட்டேனோ அவளிடம் போய், எனக்கு வேண்டும் என்று சொல்வது எப்படிப்பட்டது என்று எனக்கல்லவா தெரியும். முதல் மாதம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ராகிக் களி கிண்டிக்கொண்டே அழுவேன். தலைவலி, வியர்வை, வயிற்றுப் பிரட்டல். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பாத்திரங்களைப் போட்டு உடைத்தாள், அடுத்த வீட்டுப் பசுவைத் திட்டினாள். என் கை நடுங்கும்போது அவள் பார்ப்பாள். அவள் கை நடுங்கும்போது நான் பார்ப்பேன். "என்னங்க நங்கை, குளுருதா?" என்று கேட்பேன். இந்த வெறுப்பு இல்லாமல் அன்பு மட்டும் இருந்திருந்தால், ஒரு வாரத்தில் ஒருவர் மேல் ஒருவர் இரக்கப்பட்டு ஆளுக்கொரு மடக்கு குடித்திருப்போம்.

புருஷனுக்குத் திதி கொடுத்த அன்று நங்கை முதலில் கேட்டாள். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எதுக்கு?" என்றேன்.

"உனக்குத் தெரியாதாக்கும்."

"வாயைத் தொறந்து சொல்லணும். நீங்க வச்ச சட்டந்தான்."

"அவரு மொகம் மறந்துபோச்சு. அதுக்கு."

ஒரு அவுன்ஸ் ஊற்றினேன். குடித்துவிட்டுக் கிளாஸை மறுபடி நீட்டினாள். நான் புட்டியை மூடி ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தேன். "கஞ்சப் பிசாசே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குழந்தை பால் மறந்த பிறகு நான் ஒருமுறை கேட்டேன். சேலத்தில் அப்பா இறந்துவிட்டதாகக் கடிதம் வந்திருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிவித்திருந்தார்கள். நங்கை புட்டியை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அழுவறதுக்கா, அழாம இருக்கறதுக்கா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. யோசித்தேன். "அழாம இருக்க" என்றேன்.

"அப்பனுக்கு அழாம வேற யாருக்கு அழுவே? போ" என்று புட்டியை வைத்துவிட்டாள். இது எங்கள் உடன்படிக்கையில் இல்லை. கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. நான் கூச்சல் போட்டேன், அவளை வாயில் வராத சொல்லால் திட்டினேன், திட்டிக்கொண்டே அழ ஆரம்பித்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு புளி கரைத்துக்கொண்டிருந்தாள். வெளியே போ என்று நான் கத்தியபோதும் போகவில்லை.

அடுத்த வீட்டு அம்மாள் பல மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் தன் புருஷனிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அது ஆபீஸில் என் கணவரின் காதுக்குப் போனது. அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"என் வீட்டுல ரெண்டு பொம்பளைங்களும் குடிக்கறாங்களாம். ஸ்டேஷன்ல போர்ட்டர்வரைக்கும் தெரிஞ்சிருக்கு. நெசமா?"

"அவதான் மொதல்ல" என்றாள் நங்கை.

"அவங்க பிளேக் காலத்துல இருந்தே" என்றேன் நான்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னோம். அவர் எங்களைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அருவருப்பு அதிகம் இருந்தது. அவளைக் கொள்ளேகாலுக்கும் என்னைச் சேலத்துக்கும் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். புட்டியை எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார். நங்கை பின்னாலேயே போய், "மூணு புட்டி வாங்கியாந்தவன் நீ. இப்பக் கொட்டறதுக்கு மட்டும் வீரம் வந்துருச்சா?" என்று கேட்டாள். அதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் யாரையும் எங்கும் அனுப்பவில்லை. ஒரு மாதம் ஹோட்டலில் சாப்பிட்டார், அவ்வளவுதான்.

புட்டி போனதோடு எல்லாம் போய்விட்டது என்று அவர் நினைத்தார். போகவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கே மார்ச்சளி கண்டு, நிமோனியாவில் கொண்டுவிட்டது. வந்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் மறுபடியும் பிராந்தி இருந்தது. இந்தத் தடவை வாங்கி வர நங்கை போனாள். முக்காடு போட்டுக்கொண்டு போய், மறைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு வாரம் நாங்கள் மாறி மாறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மத்தியானம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். நங்கை கொல்லையில் இருக்கிறாள் என்று நினைத்தேன். வேளைக்கு அளந்து வைக்கப் புட்டியைத் திறந்தேன். வாசனை மூக்கில் ஏறியதும் வாய் ஊறியது. யாரும் பார்க்கவில்லை. எதுக்கு, என்று நங்கையின் குரல் எனக்குள் கேட்டது. அவள் குரலிலேயே கேட்டது, அதே எகத்தாளத்தோடு. அவர் செத்துவிடுவாரோ என்ற பயத்துக்கு, என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டேன். குடித்தால் பயம் போகும், ஆனால் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அளந்து ஊற்றிவிட்டு மூடினேன். அவளை மனதாரச் சபித்தேன்.

திரும்பினால் நங்கை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்துட்டுதான் இருந்தேன்" என்றாள்.

"பாருங்க. உங்களுக்கு வேற என்ன வேலை."

அவர் பிழைத்து எழுந்தார். புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. கொட்டிவிடு என்று அவர் சொன்னபோது, வீட்டில் இருக்கட்டும் என்று நங்கை சொல்லிவிட்டாள். நானும் ஆமாம் என்றேன். அது வருஷக்கணக்கில் அங்கேயே இருந்தது. இருமலுக்கு ஒரு கரண்டி, அவள் புருஷன் திதியன்று அவளுக்கு ஒரு அவுன்ஸ், நான் எப்போதாவது மழைக்காலத்தில் உடம்பு வலிக்கு ஒன்று. கேட்டு, காரணம் சொல்லி, அளந்து. பல தடவை கேட்க வாயெடுத்துவிட்டு, காரணத்தைச் சொல்ல வெட்கப்பட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். அவளும் அப்படிப் போனதைக் கவனித்திருக்கிறேன்.

கடைசிவரை நாங்கள் சிநேகிதிகள் ஆகவில்லை. சாகிற வாரத்தில்கூட நான் கொடுத்த கஞ்சியில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினாள். உப்பு போட்டுத்தான் இருந்தது.

அவள் போன பிறகு நான் ஒரு வருஷம் புட்டியைத் தொடவில்லை. நல்ல எண்ணத்தால் இல்லை, பயத்தால். எதுக்கு என்று கேட்க எதிரி இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. பழைய புட்டியைக் கொட்டிவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் உடம்பு சரியில்லாமல் போனபோது, நானே இங்கிலீஷ் மருந்துக் கடைக்குப் போய் ஒரு சின்னப் புட்டி வாங்கினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு அவுன்ஸ் அளந்து, வெந்நீர் கலந்து, பகல் வெளிச்சத்தில் கூடத்தில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தேன். சளிக்கு இதமாக இருந்தது. இன்னொன்று வேண்டுமென்று தோன்றியது. எழுந்து மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

மாலையில் கணவர் வந்ததும் நானே சொன்னேன். வாங்கியிருக்கிறேன், ஒன்று குடித்தேன், அலமாரியில் இருக்கிறது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"அக்கா உசுரோட இருந்தா இந்த வீட்டுல இது நடக்குமா?"

"இருந்திருந்தா அவங்களும் ஒண்ணு கேட்டு வாங்கிக் குடிச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புட்டி அலமாரியிலேயே இருந்தது.